முதல் துளை போடும் முன்

பெடல் கயாக் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எவ்வளவு வேகம் போகும்?’ அடுத்தது, ‘அதில் என்னென்ன மாட்டலாம்?’ பாயும் கட்டலாம் என்று கேள்விப்பட்டவர்கள் அதன் விலையைக் கேட்பார்கள். கவிழ்ந்தால் திரும்ப எப்படி ஏறுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் கேட்கவில்லை. படகு வீட்டுக்கு வந்த அன்றைக்கே டிரில் மிஷினை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய், தூண்டில் கம்பு மாட்டுவதற்காக ஒரு துளை போட்டேன். அது தப்பான இடம் என்பது ஒரு மாதம் கழித்துப் பாயை விரித்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாய்க்கயிறு அந்தக் கம்பில்தான் போய்ச் சிக்கியது.

நான் இருப்பது ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், டாம்பா விரிகுடாவுக்கு அருகே. பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர்ப் பக்கம். ஆற்றில் நீந்தத் தெரியும், கடல் தெரியாது. எனக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இங்கே என்னோடு வேலை பார்த்த மணப்பாட்டுக்காரர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்குப் படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். எனக்கும் அந்த வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன படகு என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண கயாக்கைக் கையில் துடுப்பு பிடித்து வலிக்க வேண்டும். இதில் நாற்காலி மாதிரி ஓர் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, முன்னால் இருக்கும் பெடலைக் காலால் மிதித்தால் படகு நகரும். இடது பக்கம் விரலால் திருப்பும் அளவுக்கு ஒரு சிறிய கைப்பிடி, அமரத்தில் இருக்கும் சுக்கானை அசைக்கும். மீன் பிடிப்பவருக்குக் கை இரண்டும் ஏறக்குறைய மிச்சம். இந்த வகை பிரபலமானதற்குக் காரணம் அவ்வளவுதான்.

இதைப் பரவலாக்கியது கலிஃபோர்னியாவின் ஹோபி கேட் கம்பெனி. அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1960களின் இறுதியில் கடற்கரை மணலிலிருந்தே தள்ளிவிடக்கூடிய இரட்டை உடல் பாய்ப்படகுகளைச் செய்யத் தொடங்கினார். பெயரில் இருக்கும் ‘கேட்’ பூனை அல்ல. கேட்டமரான் என்பதன் சுருக்கம். கேட்டமரான் நம் கட்டுமரம். மூன்று உடல் கொண்ட படகுக்கு டிரைமரான் என்று பிற்பாடு பெயர் வைத்தபோதும் அந்த ‘மரம்’ கூடவே போயிற்று. கட்டிய மரங்களைக் குறித்த சொல் இன்று ஒரு மரத்துண்டுகூட இல்லாத பிளாஸ்டிக் படகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கட்டுமரத்துக்கும் மேற்கத்திய கேட்டமரானுக்கும் வடிவத்தில் பெரிய ஒற்றுமை கிடையாது. ஆனால் மேலே உட்கார்ந்து போகும் கயாக்குக்கும் கட்டுமரத்துக்கும் ஒன்று உண்டு. ஏறிய தண்ணீரை இறைக்க வேண்டாம். கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கு வழியாக வடியும். இதில் உடலைக் குடைந்து விட்டிருக்கும் வடிதுளைகள் வழியாக வடியும்.

1997இல் ஹோபி கம்பெனி மிராஜ் டிரைவ் என்ற பெடல் கருவியை வெளியிட்டது. வடிவமைத்தவர் கிரெக் கெட்டர்மன். அதிவேகப் பாய்ப்படகுகளுக்குப் பெயர் வாங்கியவர். காலால் மிதிக்கும் கருவியையும் பாயை நன்றாகப் புரிந்த ஒருவர்தான் செய்தார் என்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் கீழே தெரியும்.

படகின் அடியில் இரண்டு ரப்பர் செட்டைகள் தொங்கும். பெடலை சைக்கிள் போலச் சுற்றுவதில்லை. இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி முன்னால் தள்ளுவதுதான். தள்ளத் தள்ளச் செட்டைகள் இரண்டும் இடமும் வலமுமாக ஒன்றையொன்று கடந்து வீசும். ஒவ்வொரு செட்டையின் முன்விளிம்பிலும் உறுதியான ஒரு கம்பி, பின்விளிம்பு வளையக்கூடியது. வீசும்போது பின்விளிம்பு முறுக்கிக்கொள்வதால் பக்கவாட்டு வீச்சு முன்னோக்கிய தள்ளலாக மாறுகிறது. பெங்குயின் தண்ணீருக்குள் போவதைப் பார்த்திருந்தால் இது உடனே புரியும். பின்விளிம்பை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு உண்டு. தளர்த்தினால் மிதிப்பது எளிது. இறுக்கினால் கால் வலிக்கும், ஆனால் வேகம் கூடும்.

பிற கம்பெனிகள் பெரும்பாலும் சுழல்விசிறி வைக்கின்றன. சைக்கிள் பெடல் மாதிரியே சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் படகும் பின்னோக்கிப் போகும். மீன் தூண்டில் நரம்போடு மாங்குரோவ் வேருக்குள் பாய்கிறபோது இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். செட்டை வகையில் பின்னோக்கிப் போகும் வசதி பின்னால் வந்த மாடல்களில்தான் சேர்ந்தது. சுழல்விசிறிக்குக் கடற்புல் எதிரி. ஒரு கைப்பிடி புல் சுற்றிக்கொண்டால் நிறுத்தி, தூக்கி, பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுபடி மிதிக்க வேண்டும். செட்டையில் ஒரு தந்திரம் உண்டு: ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளிவிட்டால் இரண்டு செட்டையும் படகின் வயிற்றோடு மடிந்து ஒட்டிக்கொள்ளும். முழங்கால் ஆழத் தண்ணீரில், சிப்பித் திட்டுகளுக்கு மேலே, அப்படியே வழுக்கிப் போய்விடலாம். டாம்பா விரிகுடா பெரியது, ஏறக்குறைய 400 சதுர மைல். ஆனால் சராசரி ஆழம் ஏறக்குறைய 12 அடிதான், ஓரங்கள் இன்னும் ஆழம் குறைவு. அதனால் நான் செட்டைப் பக்கம். கால்வாய்களும் ஆழமான ஏரிகளும் உள்ள ஊர்க்காரருக்கு என் தேர்வு தப்பாகத் தெரியலாம்.

வேகத்துக்கு வருவோம். தண்ணீரைப் பிளந்து போகும் படகுக்கு அதன் நீளம் ஓர் எல்லை போடும். நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் அந்த எல்லை கிடைக்கும். 12 அடிப் படகுக்கு 4.6 நாட், அதாவது மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அதற்கு மேலே தள்ளத் தள்ளப் படகு தான் எழுப்பிய அலைமேலேயே ஏற முயலும். உழைப்பெல்லாம் அலையாகப் போய்விடும். நாள் முழுக்க மிதிக்கக்கூடிய வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். விரிகுடாவின் வாயில், சன்ஷைன் ஸ்கைவே பாலத்தடியில், பெருக்கு, வற்று என்னும் ஓதத்தின் ஓட்டம் இதற்கு ஈடுகொடுக்கும். ஒருமுறை அங்கே முக்கால் மணி நேரம் மிதித்துவிட்டு நிமிர்ந்தால் அதே தூண் பக்கத்திலேயே நிற்கிறது. அன்றிலிருந்து போகும் முன் ஓத அட்டவணை பார்க்காமல் இறங்குவதில்லை.

இனி கவிழ்வது. முதல் நாள் தூண்டிலும் வேண்டாம், பாயும் வேண்டாம். நெஞ்சளவு தண்ணீரில், வெதுவெதுப்பான ஒரு நாளில், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே படகைக் கவிழ்க்க வேண்டும். இருக்கையை ஒட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போங்கள். எந்த இடத்தில் படகு உங்களைக் கைவிடுகிறது என்பது உடம்புக்குத் தெரியும். மீன்பிடி கயாக்குகள் 33, 34 அங்குல அகலம் இருப்பதால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே தாங்கும். தாங்காத அந்தக் கணம் மட்டும் சட்டென்று வரும். கவிழ்ந்த படகின் அடிவயிற்றின் மேலே எட்டி, மறுபக்க விளிம்பைப் பிடித்து, முழங்காலை அடியில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் நிமிரும். ஏறும்போது படகின் நடுவில், குறுக்காக, வயிறு முதலில். காலைத் தண்ணீருக்குள் தொங்கவிடாமல் நீந்துகிற மாதிரி உதைத்து, வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். பிறகு புரண்டு உட்கார வேண்டும். இதை ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தாவது முறை மூச்சு வாங்கும். ஆழத்தில், அலையில், சட்டையும் பூட்ஸுமாக இதைச் செய்ய முடியுமா என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

“கடல்ல விழுறது தப்பில்லப்பா, விழுந்து பாக்காமப் போறதுதான் தப்பு” என்பார் அந்த மணப்பாட்டு அண்ணன். முதல் நாள் என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டதும் அவர்தான்.

கவிழ்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: எதெல்லாம் மிதக்கவில்லை என்பது. பெடல் கருவி, துடுப்பு, சாமான் பெட்டி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு கயிறு வேண்டும். துடுப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். பெடல் உடைந்தால் வீடு திரும்ப அதுதான் வழி. அமரத்தில் இருக்கும் வடிகால் திருகை மூடினோமா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதை மறந்துபோய், படகு ஏன் இன்று இவ்வளவு சோம்பலாக இருக்கிறது என்று அரை மணி நேரம் யோசித்த நாள் எனக்கு உண்டு. உள்ளே இரண்டு வாளிக்கும் மேல் தண்ணீர். நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் நீளமான நுரைக்குழல்களை வாங்கிப் படகின் வயிற்றுக்குள் திணித்து வைப்பது மலிவான காப்பீடு. தண்ணீர் புகுந்தாலும் மூழ்காது.

இனி பாய். கயாக் பாய் சிறியது. ஒருவர் ஓட்டும் படகுக்கு ஏறத்தாழ 20 சதுர அடி. பெரிய படகுகளில் பாயின் அடியில் கிடக்கும் குறுக்குச் சட்டம் இதில் இல்லை. அதனால் தலையில் அடிபடாது. பாய்மரத்தை முன்னால் இருக்கும் குழியில் நட்டால் போதும். பாயைப் பாய்மரத்திலேயே சுருட்டி வைக்கலாம். சுக்கான் கைப்பிடி இடது கையில், பாயின் முனையை இழுக்கும் கயிறு வலது கையில்.

பாய் ஓடும் தத்துவத்தை ஒரு கடிகாரத்தை வைத்துச் சொல்கிறேன். காற்று 12 மணிப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வையுங்கள். நீங்கள் நடுவில். பத்தரைக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட பக்கம் சாதாரணப் பாய்ப்படகு எதுவும் நேராகப் போக முடியாது. பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும், அதாவது காற்றுக்குக் குறுக்கே, ஓட்டுவது மிக எளிது. கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டியது அங்கேதான். ஆறு மணிப் பக்கம், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போவது சொகுசாகத் தோன்றும், ஆனால் ஏமாற்றும். நீங்களும் காற்றோடு போவதால் முகத்தில் காற்றே தெரியாது. எவ்வளவு பலமாக வீசுகிறது என்பது திரும்பும்போதுதான் முகத்தில் அறையும். அதனால்தான் முதல் பாதிப் பயணத்தைக் காற்றை எதிர்த்துப் போ, அலுப்போடு திரும்பும் பாதியில் காற்று தள்ளட்டும் என்று சொல்வது.

குறுக்கே வீசும் காற்றில் பாய் படகை முன்னால் மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். பெரிய படகில் அடியில் இறங்கும் பலகையோ கனத்த இரும்போ அந்தப் பக்கத் தள்ளலைத் தடுக்கும். தட்டையான வயிறு கொண்ட கயாக்கில் அப்படி எதுவும் கிடையாது. சும்மா பாயை மட்டும் கட்டினால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போகும். இங்கேதான் செட்டைக்கு இரண்டாவது வேலை வருகிறது. பெடல் இரண்டையும் சமமாக வைத்துவிட்டால் செட்டைகள் நேர்கீழாகத் தொங்கி, அந்தப் பலகையின் வேலையைச் செய்கின்றன. மடித்து வைத்த செட்டையோடு பாய் விரித்துவிட்டு, ‘இந்தப் பாய் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும்.

அதைவிடச் சுவையான விஷயம், பாயை விரித்துக்கொண்டே மிதிப்பது. மிதித்தால் படகு வேகமாகும். அந்த வேகம் தானே ஒரு காற்றை முன்னாலிருந்து உண்டாக்கும். உண்மைக் காற்றோடு அது சேர்ந்து பாயில் விழும். லேசான காற்றில் பாய்க்குப் போதாத குறையைக் கால் தீர்த்துவைக்கும். பத்தரை மணிப் பக்கம் தடுமாறும் படகு, மெதுவாக மிதித்தால் பன்னிரண்டை நோக்கி இன்னும் கொஞ்சம் ஏறப் பார்க்கும். பாய் மட்டும் உள்ள படகு, காற்றை எதிர்த்துப் போக வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் அணியம் காற்றைக் கடக்கும் அந்த நொடியில் வேகம் செத்துப்போகும். நமக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு மிதி போதும். பாயோட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியலாம். எனக்கு வெட்கம் இல்லை.

எவ்வளவு காற்றில் கற்றுக்கொள்ளலாம்? 5 முதல் 8 நாட் வரை. தண்ணீரில் சிற்றலை இருக்கும், வெள்ளை நுரை இருக்காது. அங்கங்கே வெள்ளை தலைகாட்டினால் ஏறத்தாழ 10 நாட். எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால் அன்றைக்குப் பாயைச் சுருட்டி வையுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் பலம் நான்கு மடங்காகும். 6 நாட் காற்றில் தாலாட்டிய அதே பாய் 12இல் ஆளைத் தூக்கி எறிவது இதனால்தான்.

பாய் ஓட்டத்தில் ஒரே ஒரு பழக்கம் கைக்கு வர வேண்டும். திடீரென்று காற்று இறுகிப் படகு சாய்ந்தால், கை தானாகக் கயிற்றை விட வேண்டும். விட்டால் பாய் கொடி மாதிரிக் காற்றோடு படபடக்கும், பலம் போய்விடும், படகு நிமிரும். புதியவரின் கை இதற்கு நேர்மாறாகச் செய்யும்: பயத்தில் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கயிற்றைக் கொக்கியில் பூட்டி வைக்காதே என்று சொல்வது இதற்காக. முதல் மாதம் முழுக்கக் கயிறு கையிலேயே இருக்கட்டும், கை வலித்தாலும் பரவாயில்லை. பாயோடு கவிழ்ந்துவிட்டால் முதலில் கயிறு எதிலும் சிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். படகு நிமிர மறுத்தால் பாய்மரத்தைக் குழியிலிருந்து உருவிவிட வேண்டும். அதற்கும் ஒரு கயிறு கட்டியிருந்தால்தான் அது மிஞ்சும்.

இப்போது அந்தத் தப்பான துளைக்குத் திரும்பலாம். மேலே சொன்னதை மறுபடி பாருங்கள்: பாய் ஓட்டுபவருக்கு இரண்டு கையும் போய்விட்டது. பெடல் கயாக்கின் பெருமையே கையை மிச்சப்படுத்துவதுதான். பாய் அந்தக் கையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆகவே பாயும் மீன்பிடிப்பும் ஒரே நேரத்து வேலைகள் அல்ல. பாய் போகவும் வரவும். போன இடத்தில் சுருட்டி வைத்துவிட்டு, மிதித்தபடி தூண்டில். இரண்டும் சேர்வது ஒரே ஒரு வகையில்தான்: பாயில் மெல்ல ஓடிக்கொண்டே பின்னால் ஒரு செயற்கை இரையை இழுத்துப் போவது. விரிகுடாவில் வசந்த காலத்தில் ஸ்பானிஷ் மேக்கரல் இதில் விழும். நம் வஞ்சிரத்தின் இனம்தான், அளவில் சிறியது. ஆனால் அது விழுந்த கணத்தில் கயிற்றை விடுவதா, கம்பைப் பிடிப்பதா என்ற கேள்வி எழும். கயிற்றை விடுங்கள்.

பாயையும் தூண்டிலையும் எதெதற்கு, எந்த நேரத்தில் உபயோகிப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாமல் எதையும் மாட்டக்கூடாது. ஒரு பருவம் முழுக்கத் துளை போடாமல் ஓட்டுங்கள். தற்காலிகமாகக் கயிற்றால் கட்டிப் பாருங்கள், எங்கே கை தானாகப் போகிறது என்று கவனியுங்கள். என் கை எப்போதும் வலது தொடைக்குப் பக்கத்தில்தான் குறடைத் தேடியது. நான் குறடு மாட்டியிருந்தது இடப்பக்கம், முழங்காலுக்கு முன்னால்.

படகின் உடல் பாலிஎதிலீன், சூட்டில் உருக்கிச் சுழலும் அச்சில் வார்த்தது. இதன் குணம், எதுவும் இதன் மேல் ஒட்டாது. பசை, எபாக்ஸி, எது போட்டாலும் ஒரு கோடையில் உரிந்து வந்துவிடும். ஆகவே எதையும் நட்டு போல்ட்டில்தான் பிடிக்க வேண்டும். உள்ளே கை எட்டுகிற இடமென்றால் துருப்பிடிக்காத போல்ட், பின்னால் ஒரு தாங்குபலகை. தாங்குபலகைக்கு நான் பயன்படுத்துவது சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. கத்தியால் அறுத்தாலே போதும், அழுகாது. கை எட்டாத இடத்துக்கு உள்ளே போய் மூன்று இதழாக விரிந்துகொள்ளும் ரிவெட்டோ, இறுக்கினால் புடைத்துக்கொள்ளும் ரப்பர் நட்டோ. துளையைச் சுற்றிப் படகுக்கென்று விற்கும் சீலண்டைத் தடவினால் தண்ணீர் இறங்காது. துளையிடும்போது மிஷின் மெதுவாகச் சுற்றட்டும். வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகித் துளை பெரிதாகிவிடும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை வேண்டவே வேண்டாம்.

இப்போதெல்லாம் புத்திசாலித்தனமான வழி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு துளை போடாமல், இருக்கைக்கு இரு பக்கமும் ஒரு நீளமான அலுமினியத் தடத்தை மட்டும் பொருத்திவிடுவது. அதில் எதையும் சறுக்கிச் செருகி, திருகி, பிடிக்காவிட்டால் நகர்த்திக்கொள்ளலாம். புதிய படகுகளில் பல, தடத்தோடேயே வருகின்றன. தூண்டில் கம்புகளை இருக்கைக்குப் பின்னால், வெளிப்பக்கம் சாய்த்து வைத்தால் மீன்பிடிப்புக்கு வசதி. பாய் இருக்கும் நாளில் அவற்றைக் கழற்றி, கம்புகளைப் படகின் நீளவாக்கில் படுக்க வைத்துவிடுகிறேன். தடத்தில் இருப்பதால் கழற்றுவது ஒரு திருகு.

பொருத்த வேண்டிய முதல் சாமான் எது என்று கேட்டால், தூண்டில் தாங்கியும் அல்ல, மீன் காட்டும் கருவியும் அல்ல. நங்கூரக் கயிறு ஓடும் கப்பி. ஒரு பக்க விளிம்பில் அணியத்தில் ஒரு கப்பி, அமரத்தில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு வளையக் கயிறு, அதில் ஓர் இரும்பு வளையம். நங்கூரக் கயிற்றை வளையத்தில் மாட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே அணியத்துக்கோ அமரத்துக்கோ ஓட்டிவிடலாம். ஏன் இவ்வளவு சிரமம்? கைக்கு எட்டுகிறதே என்று படகின் நடுப்பக்கத்தில் நங்கூரத்தைக் கட்டினால், ஓட்டம் படகைக் குறுக்கே திருப்பி, நீரோட்டம் மோதும் விளிம்பையே கீழே இழுக்கும். ஓட்டம் பலமாக இருந்தால் சில நொடிகளில் கவிழ்ந்துவிடும். முனையில் கட்டினால் படகு காற்றாடி மாதிரித் தானே நேராகிக்கொள்ளும். சேற்றுத் தரைத் தண்ணீரில் நங்கூரமே வேண்டாம், எட்டடிக் கழியைக் குத்தி அதில் கட்டிக்கொள்ளலாம். கடற்புல்லையும் அது கிழிக்காது.

மீன் காட்டும் கருவிக்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். பழைய ஈயப் பேட்டரியைவிட லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பாதி எடைதான். 10 ஆம்பியர்-மணி அளவு ஒரு சிறு திரைக்கு நாள் முழுக்கப் போதும். கம்பியில் ஃபியூஸ் மறக்கக் கூடாது. உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம். எடையைத் தாழ்வாகவும் நடுவுக்கு அருகிலும் வையுங்கள். ஐஸ் பெட்டி, பேட்டரி, சாமான் பெட்டி மூன்றும் இருக்கைக்குப் பின்னால் என்று ஆகிவிட்டால் அமரம் அழுந்தி, அணியம் தூக்கிக்கொண்டு, காற்று அதைப் பிடித்து ஆட்டும். பாய் ஓட்டும்போது இன்னும் மோசம்.

பாய் ஓட்டுவதுதான் முக்கிய ஆசை என்பவர்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக மிதவை மாட்டும் கிட் கிடைக்கும். மிதவை வந்தால் படகு கவிழ்வது அபூர்வமாகிவிடும். தூண்டில் போட இடமும் அபூர்வமாகிவிடும், ஏனென்றால் மீன் சுற்றிக்கொள்ள மூலை கூடிப்போகிறது. தொடக்கத்திலேயே மூன்று உடலோடு, பெரிய பாயோடு விற்கப்படும் ஹோபி ஐலண்ட் வகையும் உண்டு. டாம்பா விரிகுடாவின் வாயில் இருக்கும் ஃபோர்ட் டி சோட்டோ கடற்கரையிலிருந்து கீ லார்கோ வரை ஏறத்தாழ 300 மைல் போகும் எவர்கிளேட்ஸ் சேலஞ்சில் இவை வருடா வருடம் ஓடுகின்றன. எட்டு நாளில் முடிக்க வேண்டும், துணைப்படகு கிடையாது. அந்தக் கூட்டத்தின் படகுகளைப் புறப்படும் முன் சுற்றிப் பார்ப்பது எனக்கு ஒரு திருவிழா. அவற்றில் இருக்கும் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். தூண்டில் தாங்கியை மட்டும் அதிகம் பார்க்க முடியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபுளோரிடாவில் மோட்டார் இல்லாத கயாக்குக்குப் பதிவு வேண்டாம். சின்ன மின்மோட்டார் ஒன்றை மாட்டினாலும் பதிவு வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் அது இருக்க வேண்டியது உடம்பில். ஒரு விசில், இருட்டினால் வெள்ளை விளக்கு. கரையிலிருந்து பிடிப்பவர்களுக்கான இலவச லைசென்ஸ் கயாக்குக்குச் செல்லாது, கயாக் படகுக் கணக்கு. ஸ்னூக் பிடிக்கிறவர்கள் பருவத்தையும் நீள அளவையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பார்வைக்கு நம் கொடுவாயை ஒத்த அந்த மீனின் மேல் இந்த ஊர்க்காரர்களுக்கு ஏகப்பட்ட பாசம்.

வானிலையைச் சுருக்க முடியாது. கோடையில் இங்கே பெரும்பாலான நாட்கள் ஒரே மாதிரி: காலையில் கண்ணாடித் தண்ணீர், மதியத்துக்கு மேல் கடல்காற்று, பிறகு இடி. கரையில் உயர எழும் மேகம் தலைவிரித்துக் கருக்கத் தொடங்கினால் நமக்கு மிச்சம் இருப்பது சில நேரம் இருபதே நிமிடம். தட்டையான தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் பாய்மரத்தோடு இருக்கும் ஒரே ஆள் நாம் என்பதை மறக்கக்கூடாது. 1980 மே 9 அன்று இதே விரிகுடா வாயில் திடீர்ப் புயல்மழையில் கண் தெரியாமல் சமிட் வென்ச்சர் என்ற சரக்குக் கப்பல் பழைய ஸ்கைவே பாலத்தில் மோதி, பாலம் உடைந்து 35 பேர் செத்தார்கள். அத்தனை பெரிய கப்பலையே குருடாக்கிய மழை. நான் கோடையில் பதினோரு மணிக்குள் கரையேறிவிடுவேன். பாய் கற்க நல்ல மாதங்கள் இங்கே மார்ச்சும் ஏப்ரலும், பிறகு அக்டோபர், நவம்பர். குளிர்கால வாடை இரண்டு நாளைக்கு விடாமல் பலமாக வீசும், புதியவருக்கு ஆகாது.

கரைக்கு வந்தபின் வேலை மிச்சம் இருக்கிறது. படகே 45 கிலோ, சாமானோடு இன்னும் கூடும். மணலில் இழுக்கப் பலூன் மாதிரி அகலச் சக்கர வண்டி வேண்டும். வடிதுளையில் செருகும் வண்டி என்றால், சாமானையெல்லாம் இறக்கிவிட்டு ஏற்றுங்கள்; கனத்தோடு இழுத்தால் துளையின் சுவர் விரிசல் விடும். விரிசல் வெளியே தெரியாது, படகுதான் கனத்துக்கொண்டே போகும். கார் கூரையில் வெயிலில் இறுக்கிக் கட்டினால் பட்டை பதிந்த இடம் குழிந்துவிடும். பயம் வேண்டாம், பட்டையை அவிழ்த்து அதே வெயிலில் இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

பெடல் கருவியை நல்ல தண்ணீரில் கழுவும்போது கையால் மெல்ல அசைத்துக் காதைக் கொடுங்கள். மணல் புகுந்திருந்தால் நறநறக்கும். சங்கிலியும் கேபிளும் தொய்ந்திருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். ஒரு நட்டை இறுக்கினால் போய்விடும். சுக்கானைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசியையும் பாருங்கள். பாறையில் இடித்தால் சுக்கான் உடையாமல் தான் உடையும்படி வேண்டுமென்றே மெலிதாகச் செய்த ஊசி அது. மாற்று ஊசிகள் இரண்டு என் தொப்பிப் பட்டையிலேயே செருகியிருக்கும். அந்த முதல் துளையை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடி வைத்திருக்கிறேன். கழுவும்போது அதையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வேன்.